ஆமையாரின் இன்றைய சவால்

எனக்கு விளையாட்டு எதுவும் பிடிக்காது. சீட்டுக்கட்டில் எது ராணி, எது ஜாக்கி என்றுகூடத் தெரியாது. சின்ன வயதில் மற்றவர்கள் நொண்டி ஆடும்போது, யார் கோட்டை மிதித்தார்கள் என்று பார்த்துச் சொல்வதற்கு ஒருத்தியை ஓரமாக நிற்கவைப்பார்களே, அது நான்தான். ஆடாமலே எல்லாருடைய ஆட்டத்தையும் கவனிக்கிற பழக்கம் அப்போது வந்தது. அதனால் பள்ளிக்கூடத்தில் கணினி விளையாட்டு மூலம் பாடம் நடத்துகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். குடிக்காதவனைத்தானே சாராயக் கடையில் உட்கார வைப்பார்கள்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். நான் ஆசிரியை. பாடத்தை முதலிலிருந்து நடத்தித்தான் பழக்கம்.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ் என்றால் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிரிண்டரில் தாள் சிக்கினால் கூப்பிடுவார்கள். தலைமையாசிரியருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனால் கூப்பிடுவார்கள். ஆண்டு விழாவில் மைக் கத்தினால்கூட என்னைத்தான் பார்ப்பார்கள். மைக்கிலும் ஒயர் இருக்கிறது, கம்ப்யூட்டரிலும் ஒயர் இருக்கிறது என்ற ஒற்றுமையை வைத்து. பரீட்சை நெருங்கினால் என் பாடவேளையை மற்ற ஆசிரியர்கள் கடன் வாங்கிக்கொள்வார்கள். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் "அறிவுத் தீவு" வந்தது. ஒரு கம்பெனியிலிருந்து பயிற்சியாளர் வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார். மின்விசிறி ஓடாத கூடத்தில் கோட்டைக் கழற்றாமல் பேசியதிலேயே அவருடைய கொள்கைப்பிடிப்பு தெரிந்தது. குழந்தைகள் தாங்கள் கற்கிறோம் என்பதே தெரியாமல் கற்பார்கள் என்றார். வலியே தெரியாது என்று பல் பிடுங்குகிறவர்களும் சொல்வதுண்டு. எல்லாரும் கைதட்டினோம்.

விளையாட்டு எளிமையானது. ஆளுக்கொரு டேப்லெட். திரையில் கடல், கடலில் தீவுகள். ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் படகு கொஞ்சம் நகரும், ஒரு சிப்பி கிடைக்கும். சிப்பி சேர்த்தால் தங்கள் பொம்மைக்குத் தொப்பி வாங்கலாம். வழிகாட்டுவதற்கு மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வயதான ஆமை. பிள்ளைகள் அதை ஆமையார் என்பார்கள். தினமும் காலையில் ஆமையார் வந்து தொண்டையைச் செருமி, "இன்றைய சவால்" என்று ஒன்று சொல்வார். அதை எழுதுகிற உரிமை பொறுப்பாசிரியைக்கு. அதாவது எனக்கு.

இன்னொரு அம்சமும் இருந்தது. ரகசியச் சவால். வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும், வெளியாள் யாருக்கும் தெரியக் கூடாது. ஒருவர் வாய் திறந்தாலும் எல்லாருடைய சிப்பிகளும் போய்விடும். இது ஒற்றுமையை வளர்க்கும் என்றார் பயிற்சியாளர். வளர்த்தது. அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி கணக்கு மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எனக்கு ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. கீழ் வீடு அவர்களுடையது, மாடி எங்களுடையது. அவர் கணவர் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் பாதி கடலில்தான். குழந்தைகள் இல்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் மற்றவர்களிடம் என்னைத் தன் தங்கை என்பார். இரண்டு ஓரகத்திகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். எங்கள் தெரு நம்பியது. எங்களுக்குள் ஒருநாளும் ஒரு சொல் தடித்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள்.

அக்காவுக்கு ஞாபகசக்தி அதிகம். வகுப்புக்கு ஒரு சாக்பீஸைத் தவிர எதையும் எடுத்துப்போக மாட்டார். போன வருடம் எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்று சொல்வார். பெரிய பெருக்கல்களை எழுதாமலே சொல்வதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மனக்கணக்கு மிஸ். வீட்டிலும் அப்படியே. என் கணவர் சாவியைத் தேடினால் என்னைக் கேட்க மாட்டார். "கீழ போய் அண்ணியக் கேளு" என்பார். அக்கா அடுப்படியிலிருந்தே, நேற்று மழைக்கோட்டின் பையில் வைத்ததை ஞாபகப்படுத்துவார். சாவி அங்கேதான் இருக்கும். "உனக்குக் கம்ப்யூட்டர் இருக்கு, அண்ணிக்குத் தலை இருக்கு" என்று என் கணவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நகைச்சுவை உணர்வுள்ள குடும்பம்.

எங்கள் மகள் ஏழாம் வகுப்பு. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். சாயங்காலம் ஆனால் கீழே இறங்கிவிடுவாள். கணக்கும் அங்கே, சாப்பாடும் பாதி நாள் அங்கே. மாடியிலேயே உட்கார், அறிவுத் தீவில் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "பெரியம்மாகிட்டதான்மா புரியுது" என்றாள். குழந்தைகள் மனதில் பட்டதைச் சொல்வார்கள். அதுதான் அவர்களிடம் நமக்குப் பிடித்தது, இல்லையா.

விளையாட்டைப் பற்றி ஆசிரியர் கூட்டம் நடந்தது. நான் தயாரித்த படங்களைச் சுவரில் காட்டி விளக்கினேன். பல வருடங்களில் முதல் தடவையாக எல்லாரும் என் முகத்தைப் பார்த்து நான் பேசுவதைக் கேட்டார்கள். முடிந்ததும் தலைமையாசிரியர், யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார். அக்கா மட்டும் கையைத் தூக்கினார்.

"தொப்பி வாங்கத்தான் பிள்ளை கணக்கு போடுதுன்னா, தொப்பியெல்லாம் வாங்கி முடிச்சதும் என்ன பண்ணும்?"

கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார், பிறகு சிரித்ததற்காக இருமினார். நான் சுவரில் இருந்த என் படத்தை அணைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னச் சொல்லலம்மா, அந்த விளையாட்டத்தான் கேட்டேன்" என்றார். பரவாயில்லை அக்கா என்றேன். குத்தியவர் மருந்தும் போட்டால் நாம் என்ன சொல்ல முடியும்.

ரகசியச் சவாலை முதலில் ஒரு நல்ல காரியத்துக்குத்தான் பயன்படுத்தினேன். இதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஆயாம்மா கழிவறையும் நடைவழியும் கழுவுகிறவர். அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாளைக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் அவருக்குக் காலை வணக்கம் சொல்ல வேண்டும் என்று ஆமையார் வாயிலாக எழுதினேன். மறுநாள் ஏழாம் வகுப்பு முழுவதும் ஒவ்வொன்றாக வந்து வணக்கம் சொல்ல, பத்துப் பேர் தாண்டியதும் ஆயாம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடி அழுதார். தனக்கு ஏதோ நல்ல காலம் பிறந்துவிட்டதாக நினைத்துவிட்டார். நான் லேப் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தட்டச்சு செய்த இரண்டு வரி ஒரு மனுஷியை அழவைத்துவிட்டது. பிரிண்டர் ரிப்பேர் செய்யும்போது அப்படி ஒன்றும் நடப்பதில்லை.

அக்காவுக்கான சவாலை எழுத அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆனது. அவசரப்படவில்லை. நல்ல பாடத்திட்டத்துக்கு நேரம் பிடிக்கும்.

ஆமையார் சொன்னது ஏறக்குறைய இதுதான். நம் கணக்கு மிஸ்ஸுக்கு ஞாபகமறதி நோய் வரப் பார்க்கிறது. மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பள்ளி நேரத்தில் மிஸ் செய்ததைச் செய்யவில்லை என்றும், செய்யாததைச் செய்துவிட்டதாகவும் சொல்லுங்கள். அவர் யோசிப்பார். யோசிக்க யோசிக்க மூளை பலம் பெறும். இது வைத்தியம் என்று அவருக்குத் தெரிந்தால் பலிக்காது. மிஸ்மேல் அன்புள்ளவர்கள் மட்டும் இந்தச் சவாலை ஏற்கலாம்.

எல்லாரும் ஏற்றார்கள். ஒரு குழந்தைகூட விலகவில்லை. அன்பு இல்லாத இடத்தில் இந்தத் திட்டம் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. என்னைக் கேலி செய்யச் சொல்லி ஆமையார் கேட்டிருந்தால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

என் லேப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல், பாதி திறந்தே இருக்கும். முதல் நாள் அக்கா கரும்பலகையில் விகிதம் என்று எழுதினார். முன்பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, இதை நேற்றே முடித்துவிட்டோமே என்றாள். அக்கா சிரித்தபடி நேற்று பின்னம்தானே என்றார். பின்னம் போன வாரம் மிஸ் என்றது வகுப்பு. நோட்டைக் காட்டச் சொன்னார். ஒரு பையன் எடுத்துக் காட்டினான். அதில் விகிதக் கணக்குகள் முந்தைய நாள் தேதியோடு அழகாகப் போடப்பட்டிருந்தன. முந்தின இரவு வீட்டில் தானே உட்கார்ந்து போட்டிருக்கிறான். அதை நான் சொல்லித் தரவில்லை. படைப்பாற்றல் என்று பயிற்சியாளர் சொன்னது இதைத்தான் என்று அப்போது புரிந்தது.

அக்கா அந்த நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு கரும்பலகையைத் துடைத்தார்.

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. கையெழுத்துப் போட்ட நோட்டில் போடவில்லை என்பார்கள். போடாததில் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். வீட்டுப்பாடம் கேட்டால், நீங்கள் கொடுக்கவே இல்லையே மிஸ் என்று அத்தனை வாயும் ஒன்றாகச் சொல்லும். சொன்ன கதையையே மறுபடி சொல்கிறீர்கள் என்று ஒருவன் பணிவாக எடுத்துச் சொல்வான். மாலையில் அவர்கள் படகுகள் சிப்பி நிறைந்து கரைக்கு வரும். கம்பெனியின் வரைபடத்தில் எங்கள் ஏழாம் வகுப்பின் ஈடுபாடு கூரையைத் தொட்டது. பயிற்சியாளர் அதே கோட்டில் வந்து பிள்ளைகளோடு என்னை நிறுத்திப் படம் எடுத்தார். ஒரு கேடயம் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு முதல் ஆளாகக் கைதட்டியது அக்காதான்.

எழுதி வைத்துக்கொள்ளுங்களேன் என்று நானே அவருக்கு யோசனை சொன்னேன். அவர் செய்ய மாட்டார் என்று தெரியும். "எழுத ஆரம்பிச்சா வியாதிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா ஏறி வந்து, போர்வையின் மறுமுனையைப் பிடித்து உதறிக் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"நாப்பது பிள்ளைங்க ஒண்ணு சொல்லுது. நான் ஒருத்தி வேற சொல்றேன். கணக்குப்படி யாரும்மா தப்பு?"

பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம் அக்கா என்றேன். நான் உண்மையைச் சொன்ன இடம் அது. அவர் தலையை ஆட்டினார்.

"என் பிள்ளைங்க பொய் சொல்லாதுங்க. எனக்குத்தான் என்னமோ ஆகுது."

தோளில் கை வைத்தேன். டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். எல்லாச் சோதனையும் நன்றாகத்தான் இருந்தது. வேலைப்பளு, தூக்கமின்மை, கொஞ்ச நாள் ஓய்வு என்றார் டாக்டர். ஓய்வு என்ற சொல்லை அக்கா தீர்ப்பைப் போலக் கேட்டுக்கொண்டார். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். வகுப்பில் விடைபெறும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, சரியா, சரியா என்று கேட்டார். அன்றைக்கு ரகசியச் சவாலை நிறுத்தி வைத்திருந்தேன். என்னை நீங்கள் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்புக் கணக்கு முழுவதும் அறிவுத் தீவுக்கு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் எல்லாத் தொப்பியையும் வாங்கி முடித்துவிட்டார்கள். படகுகள் நடுக்கடலில் நின்றன. ஆமையார் என்ன சொன்னாலும், மிஸ்ஸுக்கு எப்போது சரியாகும் என்று திரையில் தட்டிக் கேட்டார்கள். ஆமையாராக நான் பதில் எழுதினேன். சீக்கிரம் என்று.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவும் நினைத்தேன். ஆனால் ஒன்று நடந்தது. அக்கா தேற ஆரம்பித்தார்.

பள்ளி நேரத்தில் மட்டும்தான் சவால். வீட்டில் அவரை மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. முதல் சில வாரங்கள் எதற்கெடுத்தாலும் குட்டியைக் கேட்டார். கதவு பூட்டினேனா, கேஸை அணைத்தேனா, ஊசி போட்டேனா. அக்காவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வார். மருந்து ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும். போட்ட பத்தாவது நிமிடம், போட்டேனா குட்டி என்று கேட்பாராம். என் மகள் சாப்பிடும்போது கண்கலங்கி இதை என்னிடம் சொன்னாள். நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள், சரியாகச் சொல் என்றேன். சரியாகத்தான் சொல்லி வந்தாள். அவள் சொல்லச் சொல்ல, அக்காவுக்குத் தன்மேல் நம்பிக்கை திரும்பியது. மறுபடி பெரிய பெருக்கல்களை வாயால் போட்டார். மறுபடி என் கணவரின் சாவி எங்கே என்று சொன்னார்.

ஒரு நாள் காலை எங்கள் வாசலில் வந்து நின்றார். தலை வாரி, பள்ளிக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தார். ரவிக்கை அளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தாராம்.

"திங்கக்கிழமையிலேருந்து ஸ்கூலுக்கு வரேன். உனக்குத்தான் ரெட்டை வேலையாப் போச்சு, பாவம்."

குட்டி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் பன்னிரண்டு வருடமாக வளர்த்த பிள்ளை, என்னிடம் அப்படி ஓடி வந்ததாக ஞாபகம் இல்லை. என் கணவர், அண்ணி வந்துவிட்டால் இனி எல்லாம் சரியாகிவிடும் என்றார். என்ன சரியில்லாமல் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அன்று பள்ளிக்குப் போனதும் ஆமையாருக்கு எழுதிக் கொடுத்தேன். மிஸ் திரும்பி வரப்போகிறார். வைத்தியத்தில் கடைசிக் கட்டம், மிகக் கடினமான கட்டம் இது. இன்று மாலையிலிருந்து தூங்கும்வரை, மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர் எது கேட்டாலும் எதிராகவே பதில் சொல்லுங்கள். வீட்டுக்கும் இது பொருந்தும். எதைக் கேட்டாலும். செய்து முடித்தவர்களுக்குத் தங்கச் சிப்பி. அந்த விளையாட்டில் அதற்கு முன் யாருக்கும் தங்கச் சிப்பி கிடைத்ததில்லை.

வகுப்பு முழுவதற்கும்தான் அனுப்பினேன். விளையாட்டின் பதிவில் அப்படித்தான் இருக்கும். அந்த வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைதான் சாயங்காலம் கீழ் வீட்டுக்குப் போகும் என்பது எழுதும்போது தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். மருந்தைப் பற்றி நினைக்கவில்லை, வெறுமனே கொஞ்சம் குழம்பட்டும், விடுப்பை நீட்டிக்கட்டும் என்றுதான் எண்ணினேன் என்று உங்களிடம் சொல்வதாக வரும் வழியில் முடிவு செய்திருந்தேன். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் "எதைக் கேட்டாலும்" என்பதை நான் இரண்டு தடவை எழுதினேன். நான் எதையும் தேவையில்லாமல் இரண்டு தடவை எழுதுகிறவள் அல்ல.

அன்று சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பழம் நறுக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். படிக்கட்டின் திருப்பத்தில் நின்றால் அக்காவின் அடுப்படி தெரியாது, கேட்கும். ஃபிரிட்ஜ் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. ஊசி போட்டுக்கொண்டார். குட்டிக்கு முதலில் சாப்பாடு வைத்தார். அதற்குள் ஃபோன் அடித்தது. கப்பலிலிருந்து அவர் கணவர். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகப் போவதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ரொம்ப நேரம் பேசினார். பேசி முடித்து வந்தவர் கேட்டார்:

"குட்டி, ஊசி போட்டேனா?"

 நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அப்போது நான் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு படி இறங்கியிருந்தாலே போதும், என்னைப் பார்த்ததும் அவள் பேச்சை மாற்றியிருப்பாள்.

"இல்ல பெரியம்மா. இன்னும் போடல."

ஃபிரிட்ஜ் கதவு மறுபடி திறந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் விகிதக் கணக்கு போட்டார்கள். அக்காவின் குரல் மெதுவாக ஆனது. ஒரு பெருக்கலைத் தப்பாகச் சொன்னார். அவர் தப்பாகச் சொல்லி நான் கேட்ட ஒரே பெருக்கல் அதுதான். தலை ஒரு மாதிரி இருக்கிறது, படுக்கிறேன் என்றார். கழுவும் தொட்டியில் குட்டியின் தட்டு கிடந்திருக்கும் போலிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு, நான் சாப்பிட்டாச்சு இல்லையா என்று கேட்டார். சாப்பிட்டீங்க பெரியம்மா என்றாள் என் மகள். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னாள். அன்பு அவ்வளவு. செய்து முடித்ததாகத் தொட்டிருப்பாள், டேப்லெட்டில் டிங் என்று ஒரு சத்தம். தங்கச் சிப்பியின் சத்தம் மற்றதைவிடக் கொஞ்சம் நீளமானது.

நான் மாடிக்குத் திரும்பினேன். நறுக்கிய பழம் கறுத்துவிடும். வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டேன்.

குட்டி மேலே வந்து, பெரியம்மா சீக்கிரமே தூங்கிவிட்டார்கள் என்றாள். நல்லது, தூங்கட்டும் என்றேன். காலையில் வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்து என் கணவர்தான் உள்ளே போனார்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞாபகமறதி இருந்தவர், சாப்பிட மறந்து, மருந்தை இரண்டு தடவை போட்டுக்கொண்டார். குப்பையில் இரண்டு ஊசி கிடந்தன, சாப்பாடு தொடாமல் இருந்தது. டாக்டர் உச்சுக்கொட்டினார். இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர், எல்லாரையும் ஞாபகம் வைத்திருந்தவர் தன்னை மறந்துவிட்டார் என்று பேசினார். அந்த வரியை அவருக்குத் தட்டச்சு செய்து கொடுத்தது நான். கம்பெனியிலிருந்து மலர் வளையம் வந்தது, நடுவில் சின்னதாக ஆமைச் சின்னத்தோடு. கப்பலிலிருந்து வந்த என் கணவரின் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அவளக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டது நீதான்" என்று அழுதார். என் கடமை என்றேன்.

விளையாட்டு வினையாகும் என்று சொல்லிவைத்தவர்களுக்கு இந்தக் காலத்துப் பயிற்சி எதுவும் கிடைத்திருக்காது. விளையாட்டு வினை ஆகாது. வினை செய்கிறவர்கள் வேண்டும், அவர்களை வழிநடத்த ஒருவர் வேண்டும்.

குட்டி சாப்பாட்டைக் குறைத்தாள். ஒரு நாள், வைத்தியம் ஏன்மா பலிக்கவில்லை என்று கேட்டாள். ஆமையாருக்கு எல்லாம் தெரியும், ரகசியத்தைச் சொன்னால் வகுப்பில் எல்லாருக்கும் சிப்பி போய்விடும் என்று ஞாபகப்படுத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நேற்று பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல், பையோடு உங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்திருக்கிறாள். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள் என்று என் கணவர் சொன்னார். "எங்க பெரியம்மாவ நான்தான் கொன்னேன்" என்றாளாம். அதற்கு மேல் எது கேட்டாலும் பதில் இல்லையாம். ஆமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளின் சிப்பிகளைக் காப்பாற்றுகிறாள் போலிருக்கிறது.

உங்கள் ஆட்கள் அவளுக்குப் பால் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பெண் காவலர் ஒருவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு என் கணவர் விடிய விடிய அவள் தலையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். தெருவே எங்கள் வாசலில் நின்று, எவ்வளவு நேர்மையான பிள்ளை, எவ்வளவு தைரியம் என்கிறது.

அதனால்தான் காலையில் முதல் வேலையாக நானே கிளம்பி வந்தேன். பெற்ற மனம், மகளைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள், என் பெயருக்கும் நல்லதுதான். ஆனால் விஷயம் அதுவல்ல. அவள் செய்ததெல்லாம் இரண்டு கேள்விக்கு இரண்டு பதில். ஆமையை நோயைப் பற்றிப் பேசவைத்தது யார், ஒரு வகுப்பையே ஒரே வாயாகப் பேசவைத்தது யார், எந்த மாலை, எந்தச் சொல், எல்லாம் என் வேலை. மாதக்கணக்கில் யோசித்து, யாரும் தொட முடியாதபடி செய்த வேலை. என் வாழ்க்கையில் நான் முழுசாக, சரியாக முடித்தது அந்த ஒன்றுதான்.

அதை ஒரே வாக்கியத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டு, ஊர் முழுவதும் தன் தலையைத் தடவும்படி உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே அவள் பெரியம்மா.